தேங்காய் மணக்கும் மண்ணும் மாமாவின் மூக்கும்

மருதமுனை,
14.01.1984

கொழும்பில் புடவைக்கடை நடத்தும் அன்பின் ஷரிபுதீன் மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். நீங்கள் வெட்டச் சொன்ன குழிக்குள் விழுந்த ஆடும் இப்போது நொண்டாமல் நடக்கிறது.

போன கிழமை வெள்ளியன்று உங்கள் தென்னந்தோட்டத்துக்கு வந்த நீங்கள், காவல்காரர் ஜவுபர் காக்காவின் குடிசைக்குப் பின்னால் மண்ணில் தேங்காய் மணக்கிறது என்றீர்கள், அப்படியானால் திருடிப் புதைத்திருக்கிறார் என்றீர்கள், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்றலில் ஊரறிய அவரைக் கள்ளன் என்று சொல்லி வேலையால் நிறுத்திவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினீர்கள். பிறகு உங்கள் சொற்படி தோட்டமெல்லாம் குழி வெட்டிக் கிண்டியும் ஒரு குரும்பைகூட வரவில்லை. "அப்ப கெட்டிக்காரக் கள்ளன்தான்" என்றார் உங்கள் கணக்கப்பிள்ளை. இந்த ஊரில் காசுள்ளவன் மூக்குக்கு இருக்கிற மதிப்பு காசில்லாதவன் வாய்க்கு இல்லை, மாமா.

பல்கலைக்கழக லீவில் வந்த நான் உருப்பெருக்கும் கைவில்லையோடு அந்த மண்ணில் குப்புறப் படுத்தேன். மாரி மழையில் உக்கிய ஓலைக்குக் கீழே பூஞ்சணம். ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு, உள்ளே வட்டம் வட்டமாகப் பச்சைத் தூள், முகர்ந்தால் தேங்காய். இதற்கு ட்ரைக்கொடேர்மா என்று பெயர். அதில் எந்த இனம் என்று சொல்ல நுண்ணோக்கி வேண்டும். களவு நடக்கவில்லை என்று சொல்ல இதுவே போதும். சந்தேகம் தீர, ஒரு கோப்பைச் சோற்றில் அந்த மண்ணைத் தூவி மூடி வைத்தேன். அதுவும் வெளுத்து, பச்சையாகி, மணந்தது. மாமி குசினிக்குள் வந்து, "மகன், ஆரு இஞ்ச தேங்கா துருவின?" என்று கேட்டா. உங்கள் சட்டப்படி மாமியையும் வெளியேற்ற வேண்டும். ஆனால் வீடு அவவின் சீதனம், யோசித்துச் செய்யுங்கள்.

ஆகவே இக்கடிதம் கண்டவுடன் ஜவுபர் காக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும்.

உங்கள் உடம்புக்குச் சுகத்தையும் வியாபாரத்துக்குப் பறக்கத்தையும் மூக்குக்கு நிதானத்தையும் கேட்டுத் துஆச் செய்யும்
மருமகன்,
றவூப்

பி.கு.: இதை ஜவுபர் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேல ஆருக்குத் தம்பி வேணும்? நான் பெரியநீலாவணையில வல இழுக்கிறன். பள்ளி வாசல்ல வெச்சுக் கள்ளனெண்டவரு, அதே இடத்துல வந்து இல்லையெண்டு சொல்லட்டும். நான் முன்னுக்கு நிண்டு கேப்பன்" என்கிறார். எனவே மேலே கேட்டது ரத்து. ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேருங்கள். தேங்காயும் நீங்களே ஏறிப் பறிக்க வேண்டியிருக்கும். கையை முகர்ந்து பார்ப்பீர்கள் என்று பயந்து ஊரில் ஒருவரும் உங்கள் மரத்தில் ஏறுகிறார்களில்லை.