பால்கோவா போட்ட கோக்கோப் பொடி

எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் அக்காவுக்கு வந்த வரன் ஒன்றைக் கெடுத்துவிட்டிருந்தேன்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா, எஸ்தர் அக்கா, நான் என்று மூன்றே பேர். அப்பா தவறி இரண்டு வருஷம். அக்காவுக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. இரண்டு இடம் வந்து, பெண்ணைப் பார்த்து, கேசரி சாப்பிட்டு, போனது போனதுதான். மூன்றாவதாக ராஜபாளையத்திலிருந்து வந்த இடம் மட்டும் நின்றது. மாப்பிள்ளைக்கு நூல் மில்லில் ஸ்டோர் கிளார்க் வேலை. கிறிஸ்மஸ் கழியட்டும், தை மாசம் தேதி குறிப்போம் என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தார். எங்கள் அம்மா அந்த ஒரு சொல்லைச் சாப்பிட்டுத்தான் உயிரோடு இருந்தாள் (வேறெதையும் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை).

கிறிஸ்மஸுக்குப் பெண் வீட்டிலிருந்து பலகாரத் தட்டு போக வேண்டும். தட்டில் உள்ளதெல்லாம் பெண்ணின் கைவேலை என்று சொல்வது எங்களில் வழக்கம். பெண் அடுப்பங்கரைப் பக்கமே போகாதவளாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்பவர்களும் நம்பியதாகத் தலையாட்டுவார்கள். அந்த வருஷம் சர்க்கரை ரேஷன். வெறும் முறுக்குத் தட்டை நினைத்து அம்மா அழுதாள்.

அங்கேதான் பதினெட்டு வயது மேதாவியான நான் குறுக்கே வந்தேன். எனக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரத் துரைசானி, ஊருக்குக் கப்பலேறுமுன் ஒரு கோக்கோ டின்னும் ஒரு காகிதமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கோக்கோ ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, பால்பொடி இரண்டு பங்கு. கலந்து பாட்டிலில் அடைத்தால் வேண்டும்போது வெந்நீர் ஊற்றிக் குடிக்கலாம். அவர்கள் ஊரில் கிறிஸ்மஸுக்கு இதைத்தான் பரிசாகக் கொடுப்பார்களாம். சர்க்கரையே இல்லை, பால்பொடிக்கு எங்கே போவது? பாலும் சர்க்கரையும் சேர்ந்து கெட்டியானது எது என்று யோசித்தேன். பால்கோவா! காயவைத்துப் பொடித்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வேறெந்த ஊர்க்காரிக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். (உண்மைதான், வந்திருக்காது.)

கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிவந்து சுளகில் பரப்பினேன். மார்கழி மாசம், காயவைத்த மூன்று நாளும் மூட்டம். அக்கா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரம் போகவில்லை, நெய் வேறு கசிகிறது, வேண்டாமே என்றாள். வெள்ளைக்காரப் பக்குவம் உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். அம்மியில் இழுத்து, கோக்கோவைச் சேர்த்து, மூன்று பாட்டிலில் அழுத்தி, வாயில் துணி கட்டிச் சிவப்பு ரிப்பன் சுற்றினேன். ஒன்றை அம்மா புதுவருஷத்துக்கென்று எடுத்துவைத்தாள். ஒன்று பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போனது (அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை). பெரியது மாப்பிள்ளை வீட்டுக்கு.

கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாள் மாமாவும் நானும் தட்டோடு ரயிலேறினோம். மாப்பிள்ளையின் அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். எல்லாம் அக்காதான் என்றேன். முறுக்கும் அவள்தான் என்று மாமா சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வெந்நீர் வரவழைத்து, "நீயே கலக்கிக் காட்டு தாயி" என்றார்.

துணியை அவிழ்த்தேன். உள்ளே பச்சைப் பசேலென்று பூத்திருந்தது. காறிப்போன நெய் வாடை கூடம் முழுக்கப் பரவியது. மாப்பிள்ளையின் தங்கை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இது நான் செய்தது" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு என் மானம் மட்டும்தான் போயிருக்கும். நானோ, இது இப்படித்தான் இருக்கும், துரைசானி வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லி, பூஞ்சையை ஸ்பூனால் ஒதுக்கிவிட்டு, ஒரு டம்ளர் கலக்கி, அத்தனை பேர் முன்னாலும் மடமடவென்று குடித்துக் காட்டினேன். குடித்தது இறங்கவில்லை. முறுக்குத் தட்டு பக்கத்தில்தான் இருந்தது. மாமா விட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மா நல்லவர். என் தலையைப் பிடித்துக்கொண்டார், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே இது உங்க அக்கா செஞ்சதா தாயி?"

மாற்றிச் சொன்னால் பொய் சொல்கிற குடும்பம் என்பார்களே என்று பயம். பயம் பாதிதான், மீதி வெட்கம். தலையாட்டிவிட்டேன்.

தை பிறந்தது, தேதி வரவில்லை. மாமா போய் விசாரித்ததற்கு, கெட்டுப்போனது எது என்று பார்க்கத் தெரியாத பிள்ளை எப்படிக் குடும்பம் நடத்தும் என்று கேட்டார்களாம். அம்மா படுத்துவிட்டாள். அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ஏட்டி, எம் பேரையா சொன்ன?"

"ஆமா."

"சரி, போ. மூஞ்சியக் கழுவு."

அதன்பிறகு எந்த இடமும் வரவில்லை. அக்கா நர்ஸ் வேலைக்குப் போனாள். அம்மாவைக் கடைசிவரை பார்த்ததும் அவள்தான், என் பிள்ளைகளை வளர்த்ததும் அவள்தான். இந்தக் கதையை அவளே அவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியும் வைத்தாள். அதனால் எங்கள் வீட்டில் சோறு குழைந்தாலும் கண்ணாடி உடைந்தாலும் ஒரே பதில், "பெரியம்மா செஞ்சது". எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வந்தபாடில்லை.

போன வாரம் நான் வைத்த குழம்பு அடிப்பிடித்துத் தீய்ந்துபோனது. யார் வைத்தது என்று மருமகள் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் கட்டிலிலிருந்து அக்கா, "நாந்தான்" என்றாள்.

அவள் படுக்கையை விட்டு எழுந்து ஒரு வருஷம் ஆகிறது.