நெல் விளையாத மாவட்டம்

ஒரு பொருளுக்கு ஒரு பெயர் இருந்தாற் போதும். இரண்டாவது பெயர் ஒன்று இருக்குமானால் அப்பொருள் அதன் பின்னால் ஒளித்துக்கொள்ளும். இப்பேருண்மை உலக யுத்த காலத்திலே நம் நாட்டில் வெளிப்பட்டது. பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் வருவது நின்று, சோறு குறைந்திருந்த சமயம். சோறு ஏன் குறைந்தது என்று ஆராய்ந்த மேலோர், கப்பல் வராமை சிறு காரணமென்றும், யாழ்ப்பாணத்தார் கமம் என்பதை மட்டக்களப்பார் வெள்ளாமை என்று கூறுவதே பெருங் காரணமென்றும் தெளிந்தனர். உழவு என்னும் ஒரே தொழிலுக்கு இரண்டு பெயர் வழங்கினால் கணக்கு எவ்வாறு நேராகும்? ஆகவே பொருட்பெயர் ஒழுங்குக் கந்தோர் என்றொரு அலுவலகம் பிறந்தது. மட்டக்களப்புப் பகுதிக்கு அதன் அதிகாரியாக நல்லரத்தினம் அவர்கள் அனுப்பப்பட்டார்கள்.

நல்லரத்தினம் யாழ்ப்பாணத்தவர், நேர்மையானவர், கையூட்டு என்ற சொல்லையே தவறாக எழுதக்கூடியவர். தம் வீட்டில் வழங்கும் சொற்கள் தமிழென்றும், ஏனைய ஊர்ச் சொற்கள் திருத்தத்துக்குக் காத்திருக்கும் பிழைகளென்றும் அவர் உளமார நம்பினார். வந்த முதல் நாளே செங்கலடிச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் திருப்பணி தொடங்கியது.

“ஆணம் ஊத்தட்டா ஐயா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“உதுக்குப் பேர் குழம்பு.”

“இல்ல ஐயா, இது ஆணம். மீன் ஆணம்.”

“குழம்பு எண்டு சொல்லி ஊத்தும். இல்லாட்டி ஊத்த வேண்டாம்.”

கடைக்காரரும் நேர்மையானவரே. இல்லாத பொருளை விற்பது அவர் வழக்கமன்று. “குழம்பு எங்கட கடையில வைக்கிறல்ல ஐயா” என்று வருத்தத்தோடு கூறி ஆணச்சட்டியை உள்ளே கொண்டுபோனார். அதிகாரி வெறுஞ்சோற்றை உண்டெழுந்தார். கடமையைச் செய்த வாய்க்கு உப்பும் புளியும் வேண்டியதில்லை.

கந்தோரின் கட்டளைகளுள் மூன்றாவதே பெரியது. விளைபொருள் கிடக்கும் இடத்திலேயே, உடையவன் தன் வாயால், அதிகாரியின் செவியிற்படும்படி, அரசாங்க அறிவிப்பாகிய வர்த்தமானியிற் கண்ட பெயரைச் சொல்லித் தெரிவித்தாலன்றி, அப்பொருளை அவ்விடத்தினின்றும் அசைக்க அனுமதி வழங்கலாகாது. அனுமதி கிடைத்தபின் பெரும்பகுதியை அரசாங்கக் களஞ்சியத்துக்கு அளந்துவிட வேண்டும். மிகுதியைக் குடும்பம் உண்ணலாம்.

மாசி அறுவடை முடிந்து, பழுகாமத்து வட்டை என்னும் வயல்வெளியிலே உழவர் அருமைநாயகத்தின் கதிர்ச் சூடு மிதித்து மணி உதிர்த்துத் தீர்ந்த அன்று, அதிகாரி எழுதுவினைஞர் வோல்ட்டருடன் அங்கே எழுந்தருளினார். வோல்ட்டர் மட்டக்களப்பு நகரிலே பிறந்த பறங்கியர். களவெட்டி என்று அவ்வூரார் கூறும் சூட்டுக்களத்தில் செருப்போடு கால் வைக்கலாகாதென்று தெரிந்தவர். அவர் சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்தார். அதிகாரி கழற்றவில்லை. நடுவிலே தூற்றிய குவியல் கிடந்தது. அது அருமைநாயகத்தின் குடும்பத்துக்கு ஒரு வருடச் சோறு. ஏறாவூர் வியாபாரி ஹலீம் வண்டில்களுடன் காத்து நின்றார். வாவிப் பக்கமாக வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

இவ்விடத்து வழக்கமொன்றை வாசகர் அறிதல் நன்று. களவெட்டியைச் சுற்றிப் பூதங்கள் தம் பங்குக்குக் காத்திருக்கும் என்பதும், பொருளின் பெயர் காதில் விழுந்த கணமே அவை அதனை வாரிக்கொண்டு போகும் என்பதும் உழவர் நம்பிக்கை. ஆகவே களவெட்டிக்குள் எப்பொருளுக்கும் வீட்டுப்பெயர் வழங்காது. அங்கே நெல் பொலியாகும், மாடு வாரிக்காலனாகும், கடகம் குஞ்சுவாயனாகும். இத்தனை தலைமுறை கேட்டிருந்தும் பூதங்கள் இச்சொற்களைக் கற்றுக்கொள்ளவில்லை. அவையும் ஏதோ பரீட்சையில் தேறி உத்தியோகம் பெற்றவை போலும்.

“இது என்ன?” என்று அதிகாரி குவியலைக் காட்டி வினவினார்.

“பொலி ஐயா.”

“தமிழில சொல்லும்.”

“தமிழ்தான் ஐயா.”

“வர்த்தமானித் தமிழில சொல்லும்.”

அருமைநாயகம் வானத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். “ஐயா, அந்தப் பேரை இதுக்குள்ள நிண்டு சொல்ல ஒண்ணாது. வரம்புக்கு அங்கால வாங்க, உங்களுக்கு அலுக்கும் மட்டும் சொல்றன்.”

“வரம்புக்கு அங்கால பொருள் இல்லையே. பொருள் இல்லாத இடத்தில பேரைச் சொல்லி என்ன பலன்?”

“அப்ப அங்கால நிண்டுகொண்டு இஞ்ச விரலால காட்டுறன்.”

“காட்டுறதைக் காதால கேக்க ஏலுமோ காணும்? சட்டம் செவியில பட வேணும் எண்டல்லோ சொல்லுது.”

வோல்ட்டர் மெல்லக் குறுக்கிட்டார். “சேர், எங்கட வீட்டிலயும் ராவையில பாம்பை அந்தப் பேர் சொல்ல மாட்டம். அதுக்காகப் பாம்பு இல்லையெண்டு ஆகுமா?”

“உங்கட வீட்டுப் பாம்பு வர்த்தமானியில இல்லை, வோல்ட்டர்.”

ஹலீம் பொறுமையிழந்தார். “ஒரு சொல்லுத்தானே மச்சான், சொல்லித் துலைகா! மழை கிட்டிட்டு.”

“நீ விடியக் காலத்தால கடை துறந்ததும் முதல் யாவாரத்தைக் கடனுக்குக் குடுப்பியா?”

“அதெப்பிடிகா குடுக்கிற?”

“அப்ப வாயை வச்சிக்கொண்டு நில்லு.”

பெண்கள் களவெட்டிக்குள் வருவதில்லையாதலால் அருமைநாயகத்தின் மனைவி கண்ணகைப்பிள்ளை வரம்புக்கு வெளியே நின்று கைகளைப் பிசைந்தாள். “இஞ்சருங்க! புள்ளையள்ற சோறு நனையப்போகுது. அந்தாளுக்குச் சொல்லி விடுங்களன், நெ...”

“மூடு வாயை! பூதத்துக்குக் கேக்கப்போகுது!” என்று அருமைநாயகம் அலறினார்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். உத்தியோகம் ஏற்றபின் அவர் சிரித்தது அதுவே முதல் முறை. “கண்ணுக்கு முன்னால மலை மாதிரிக் கிடக்குது. ஆரும் பேரைச் சொன்னாத்தான் இது இன்னதெண்டு தெரியுமோ? அப்பிடியும் ஒரு மடப் பூதம் இருக்குமோ?”

“அதைத்தான் ஐயா நானும் யோசிக்கிறன்” என்றார் அருமைநாயகம், அதிகாரியையே உற்றுப் பார்த்தபடி.

வோல்ட்டருக்கு இருமல் வந்தது.

அதிகாரி நிமிர்ந்து நின்று முடிவை அறிவித்தார். உடையவன் சொல்வதே உண்மை. உடையவன் நெல் என்று சொல்லவில்லை. ஆகவே இவ்விடத்தில் நெல் இல்லை. அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டார். மை காயுமுன் முதல் துளி விழுந்தது.

அப்பொழுது ஹலீமின் முகத்தில் ஓர் ஒளி தோன்றியது. “ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். பொலி ஏத்திறதுக்கும் அனுமதி வேணுமா?”

அதிகாரி வர்த்தமானியை முன்னும் பின்னும் புரட்டினார். “பொலி எண்டு இதில ஒண்டும் இல்லை.”

“அப்ப?”

“இல்லாத பொருளைக் கொண்டுபோறதை ஆர் மறிக்க ஏலும்?”

மழை வலுக்குமுன் குவியல் வண்டிலேறிற்று. அதிகாரி தாமே ஒதுங்கி வழிவிட்டார். களஞ்சியத்துக்கு ஒரு மணியும் போகவில்லை. கண்ணகைப்பிள்ளை வானத்தைக் கும்பிட்டாள். அருமைநாயகம் பூதத்தையும் அரசாங்கத்தையும் ஒரே சொல்லால் வென்ற மனிதராக வீடு திரும்பினார்.

அறிவுடையோரே, இக்கதை இங்கே முடிந்திருந்தால் உழவரின் சமயோசிதத்தைப் புகழ்ந்து நாமும் விடைபெறலாம். ஆனால் நல்வழி ஒருவருக்குத் திறந்தால் ஊரே அதில் ஓடுவது நம் இயல்பு. செய்தி வாவியின் இரு கரையும் பரவியது. அவ்வருடம் பழுகாமத்திலிருந்து வாழைச்சேனை வரை ஒரு வட்டையிலும் நெல் விளையவில்லை, பொலியே விளைந்தது. பாட்டன் காலத்தோடு அவ்வழக்கத்தைக் கைவிட்டோரும் திடீரெனப் பூதங்களுக்கு அஞ்சினர். ஏறாவூரிலே ஹலீம் தம் சொந்தக் களவெட்டியில் நின்று பொலி என்றபோது, “நீயுமா, காக்கா, பூதத்தை நம்புறாய்?” என்று, அண்ணனைக் காக்கா என்றழைக்கும் அயலவர் கேட்டார். “பூதத்தை நான் நம்பமாட்டன். சட்டத்தை நம்புறன்” என்றார் அவர்.

வாழைச்சேனைப் புகையிரத நிலையத்தில் பொலியாக ஏறிய மூடைகள் யாழ்ப்பாணத்தில் நெல்லாக இறங்கின. நல்லரத்தினம் அவர்களின் வீட்டாரும் அதிலே சமைத்து, ஊர்ச் சோற்றுக்கு ஈடில்லையென்று புகழ்ந்து அவருக்கு எழுதினார்கள்.

விலை ஏற ஏற, அருமைநாயகம் வீட்டுச் சோற்றுக்கென்று வைத்ததையும் ஹலீமிடம் விற்றார். பிறகு விதைக்கென்று வைத்த மூடையையும் இழுத்தார்.

“விதைக்கும் வைக்காம விக்கிற வெள்ளாமைக்காரனை நான் கண்டதில்ல” என்றாள் கண்ணகைப்பிள்ளை.

“அடுத்த விளைச்சல், சின்னப்போகம், கையில கிடக்கு. குளம் முட்டி நிக்குது. விதை ஆரிட்டையும் வாங்கலாம். மறுகா என்ன?”

குளம் உண்மையாகவே நிரம்பி நின்றது. ஆனால் அதற்குள் நல்லரத்தினம் அவர்களின் ஆண்டறிக்கை கொழும்பை அடைந்திருந்தது. மட்டக்களப்புப் பகுதியில் விளைந்த நெல்: இல்லை. இவ்வளவு சுருக்கமும் தெளிவும் பொருந்திய அறிக்கை முன்னெப்போதும் வந்ததில்லையாம். அவருக்குப் பாராட்டும் பதவி உயர்வும் கிடைத்தன. நெல் விளையாத மாவட்டத்துக்கு நெல்லுக்குரிய தண்ணீர் எதற்கு என்று மேலிடம் வினவியது. வினாவில் பிழை காண எவராலும் முடியவில்லை. குளத்து மதகைப் பூட்டி முத்திரையிட்டார்கள்.

வட்டை வெடித்தது. அருமைநாயகம் ஊராரைத் திரட்டிக்கொண்டு கந்தோருக்கு ஓடினார். ஹலீமும் வந்தார். வாசலிலேயே எல்லாரும் ஒரே குரலில், “நெல்லு ஐயா! நெல்லு! நெல்லு!” என்று கத்தினார்கள்.

நல்லரத்தினம் நெகிழ்ந்துபோனார். “இப்பத்தான் உங்கட வாயில தமிழ் வருகுது. கேக்க எவ்வளவு சந்தோசம்! ஆனால் பொருள் கிடக்கிற இடத்தில நிண்டல்லோ சொல்ல வேணும்?”

“தண்ணி விட்டாத்தானே ஐயா அது கிடக்கும்!”

“கிடந்த நேரம் நீர் சொல்லேல்லையே.”

அருமைநாயகம் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார். களவெட்டியிலே தாம் கட்டிய நியாயம் இப்போது மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்ததை அவர் கண்டார்.

“சேர், ஒரு தரம் மதகைத் துறந்து பாத்தா என்ன?” என்றார் வோல்ட்டர்.

“எதுக்காகத் துறந்ததெண்டு எழுதுறது, வோல்ட்டர்?”

வோல்ட்டர் பேனாவை மூடி வைத்தார். அவரும் அவ்வருடம் வீட்டுக்கென்று இரண்டு மூடை பொலி வாங்கி, விலை ஏறியதும் விற்றிருந்தார்.

பெயரைக் கொண்டு பிறரை ஏய்ப்பவன் ஒருநாள் அப்பெயருக்குள்ளேயே அடைபடுவான். அன்பர்களே, நாவைக் காத்தல் வேறு, உண்மையை ஒளித்தல் வேறு. சொல்லைத் திருத்துதல் வேறு, சோற்றைப் பறித்தல் வேறு. இவ்வேறுபாட்டை இரு தரப்பாரும் அறிந்திருந்தால் சின்னப்போகம் விளைந்திருக்கும். அறியாதபடியால் விளையவில்லை.

மாவட்டத்தில் அரிசி அற்றுப்போயிற்று. செங்கலடிச் சாப்பாட்டுக் கடை பூட்டப்பட்டது. விலை கொடுத்தாலும் கிடைக்காத நிலையில், அருமைநாயகம் விற்றுச் சேர்த்த காசை அவர் பிள்ளைகள் வைத்து விளையாடினார்கள். ஈற்றில் அரசாங்கம் இரக்கங் கொண்டது. எந்தத் தேசத்திலிருந்தோ ஒரு கப்பல் ஏதோவொரு தானியத்தைக் கொண்டுவந்தது. சாம்பல் நிறம், ஊறினாலும் வேகாது, வெந்தாலும் விழுங்கப்படாது. பங்கீட்டுக் கடை வாசலில் ஒரு நீண்ட வரிசை நின்றது. அதிலே அருமைநாயகமும் கண்ணகைப்பிள்ளையும் நின்றார்கள், ஹலீம் நின்றார், வோல்ட்டர் நின்றார், பதவி உயர்ந்த நல்லரத்தினம் அவர்களும் தம் பையுடன் நின்றார்கள்.

“இதுக்கு உங்கட ஊரில என்ன பேர் ஐயா?” என்று அருமைநாயகம் திரும்பிக் கேட்டார்.

நல்லரத்தினம் பையைத் திறந்து பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஒரு மணியைக் கடித்தும் பார்த்தார். “பேர் இல்லை” என்றார்.

“எங்கட ஊரிலயும் இல்ல” என்றார் ஹலீம்.

அன்றிரவு வாவியின் இரு கரையிலும், பழுகாமத்துக் குடிசையிலும், ஏறாவூர் வளவிலும், நகரத்துப் பறங்கித் தெருவிலும், அதிகாரியின் விடுதியிலும், பசித்தவர்கள் எல்லாரும் அதனை ஒரே பெயரால் அழைத்து உண்டார்கள். வட்டாரம், சமயம், உத்தியோகம் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த சொல் “இது” என்பதே.