துரைசானியின் அரைமணி நேர மீன்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யாரென்று உலகத்தில் எவருக்கும் தெரியாது. ஆனால், அந்த நெருப்பைக் கொண்டு ஒரு மீனையும் மூன்று வகைக் காய்கறியையும் அரைமணி நேரத்தில் சத்துக் குறையாமல் சுட்டெடுக்கலாம் என்ற பேருண்மையை மலைநாட்டுத் தொழிலாளிக்கு எடுத்துச் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசானிதான். அந்தச் சரித்திர நிகழ்ச்சியில் மொழிபெயர்ப்பாளனாகப் பக்கத்தில் நின்ற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

என் பெயர் இக்னேசியஸ். மஸ்கெலியா ரோட்டில் இருக்கும் ஒற்றைப்பாலத் தோட்டத்தின் ஆபீசில் பெரிய கிளாக்கர். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் தோட்டத்தில் அந்தச் செய்தி, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் இன்னும் வாசிக்கப்படவில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

துரைசானியின் மகத்தான திட்டத்துக்குக் காரணமாக அமைந்தது பேச்சியம்மா என்ற 'பிரச்சினை'. தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்தில் இருப்பவள், கொழுந்து பறிப்பவள். மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு ஒரே விஷயத்தைச் சொல்வாள்.

"ஐயா, காலை நிறுவையும் பகல் நிறுவையும் கொழுந்து பறிக்கிற மலையிலதானே போடுறீங்க. அந்தி நிறுவைய மட்டும் எதுக்குங்க பேக்டரியில வச்சிருக்கீங்க? கூடையத் தூக்கிக்கிட்டு அம்புட்டு தூரம் எறங்கி, வரிசையில நின்னு, திரும்ப லயத்துக்கு ஏறிப் போகயில இருட்டிப் போகுது. அதுக்கப்புறம் அடுப்பு மூட்டி ரொட்டி சுடுறதுக்குள்ள எம் மக பூரணி தூங்கிப் போறா. எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கிறா. வயித்துல ஒண்ணும் இல்லாமதான் தூங்குறா."

"தினமுமா?" என்று நான் கேட்டேன். நிர்வாகத்தில் விவரம் துல்லியமாக இருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம சாப்புடுறா, ஐயா."

பூரணிக்கு அப்போது நாலு வயது இருக்கும். இது அவள் ஒருத்தியின் கதையும் அல்ல. மேல் லயத்தில் பாதிப் பிள்ளைகள் வேலை நாட்களில் இப்படித்தான் தூங்கின. ஆனால் அவற்றின் தாய்மார் ஜன்னலுக்கு வந்ததில்லை. ஆகவே அவை கோப்பில் ஏறவில்லை.

எங்கள் துரை நியாயவான். எந்த விண்ணப்பத்தையும் ஆராயாமல் நிராகரிக்க மாட்டார், ஆராய்ந்துதான் நிராகரிப்பார். இரண்டு வருஷம் ஆராய்ந்த பிறகு ஒரு நாள் கூட்டம் கூட்டினார். துரை, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, பேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர், குறிப்பெடுக்க நான். விவாதம் ஆழமாக நடந்தது. சாயங்காலப் பனி தராசுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார் டீமேக்கர். அந்தி வேளையில் மலை ஏறினால் தமக்கு மூட்டு வலிக்கும் என்றார் கண்டாக்கையா. தராசின் உடல்நிலையையும் கண்டாக்கையாவின் உடல்நிலையையும் கருத்தில் கொண்டு, அந்தி நிறுவை பேக்டரியிலேயே நடக்கும் என்று துரை தீர்ப்பளித்தார். பிறகு பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு ஒரு புது உண்மையை வெளியிட்டார்.

"பிரச்சினை நிறுவை இல்லே. பிரச்சினை சமையல். பொம்பிளை ஆள் ரொம்ப மெதுவா சமைக்குது."

இத்தனை வருஷமாக எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதனால்தான் அவர் துரையாகவும் நாங்கள் நாங்களாகவும் இருக்கிறோம் என்று கண்டாக்கையா வெளியே வந்ததும் மனம் உருகிச் சொன்னார்.

துரைசானியிடம் சீமையிலிருந்து வரும் மாதர் சஞ்சிகை ஒன்று இருந்தது. அதில் அந்த மாதம், 'வேலை முடிந்து களைத்து வரும் பெண்களுக்கு' என்று ஒரு பக்கம். மீன், காரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, கொஞ்சம் பட்டர், மேலே எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி அடுப்புக்குள் தள்ளினால் அரைமணி நேரத்தில் இராச்சாப்பாடு தயார். எண்ணெய் இல்லை, புகை இல்லை, உடம்புக்கும் நல்லது. இப்படியாக எங்கள் தோட்டத்தில் 'விரைவுச் சத்துணவு இயக்கம்' பிறந்தது.

செயல்முறை விளக்கத்துக்குப் பங்களாவின் பின்முற்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது. டோவர் என்ற சீமை இரும்பு அடுப்பு அங்கேதான் இருந்தது. அதை லயத்துக்குத் தூக்கிப் போவதென்றால் எட்டு ஆள் வேண்டும். மீன் கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் படுத்தபடி ரயிலில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து பங்களாக் காரில் வந்து சேர்ந்தது. பேச்சியம்மா காரில் ஏறியதில்லை. பங்களாவில் சமைக்கும் கோக்கி வீரய்யா மத்தியானமே விறகு வைத்து அடுப்பைச் சூடேற்றினார், மீனைச் செதில் நீக்கினார், காய்களைக் கழுவி நறுக்கினார், தட்டில் அடுக்கினார். அந்தி நிறுவை முடிந்து பெண்கள் வந்து நின்றதும், துரைசானி கையுறை மாட்டிக்கொண்டு தட்டை உள்ளே தள்ளிக் கடிகாரத்தைப் பார்த்தார். அரைமணி நேரம் அந்த நொடியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் சமையலில் சேராது, அது வீரய்யா.

பிறகு, கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார் துரைசானி. நான் தமிழில் சொன்னேன். பேச்சியம்மா தோளில் பூரணியைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

"இந்த மீனு நம்மளுக்குக் கெடைக்காதுங்களே?"

எந்த மீனும் நல்ல மீனே என்றார் துரைசானி.

"கருவாடு?"

நான் விளக்கினேன். உப்பிட்டு உலர்த்திய மீனும் மீன்தான், சத்து உண்டு என்று துரைசானி பெருந்தன்மையோடு அனுமதி அளித்தார்.

"இந்த மாதிரி அடுப்பு இல்லீங்களே?"

துரைசானி கனிவோடு சிரித்தார். அடுப்பு என்பது பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. நாலா பக்கமும் சூடு சுற்றி வரும் ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். மனமிருந்தால் இந்தத் தோட்டத்துக்குள்ளேயே தேடிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் நிர்வாகத்தின் கையையே பார்த்திருக்கக் கூடாது. ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

பேச்சியம்மா பூரணியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்படீன்னா இருக்குங்க," என்றாள்.

எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. துரைசானிக்கு மகிழ்ச்சி. மீன் பொன்னிறமாக வெந்து வந்தது. இரண்டு பேருக்கு அளவான மீன் அது. ஆகவே பங்களா மேசைக்குப் போயிற்று. பெண்கள் அதன் வாசனையைப் பார்த்துவிட்டு லயத்துக்கு ஏறினார்கள். வழக்கத்தைவிட இன்னும் அதிகமாக இருட்டியிருந்தது. பூரணி தாயின் தோளிலேயே தூங்கிவிட்டாள். விளக்கம் மாபெரும் வெற்றி என்று நான் அறிக்கை எழுதினேன்.

இனித்தான் திட்டத்தின் உண்மையான வெற்றி ஆரம்பமாகிறது.

பேக்டரியில் தேயிலையைச் சூட்டில் காயவைக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. டிரையர் என்போம். தட்டுத் தட்டாக அடுக்கிய பெரிய இரும்புப் பெட்டி, கீழே உலை, சூடு நாலா பக்கமும் சுற்றி வரும். பகல் முழுதும் தேயிலை காய்ந்து முடிந்து, அந்தி நிறுவை நேரத்தில் அது சும்மா இருக்கும். ஆனால் சூடு தணிந்திருக்காது. அதைப் பார்த்துக்கொள்பவன் சோலைமலை, பேச்சியம்மாவின் கொழுந்தன்.

மறுநாளிலிருந்து அந்தி நிறுவைக்கு வந்த பேச்சியம்மாவின் கூடையில் கொழுந்தோடு ஒரு வாழையிலைப் பொட்டலமும் வந்தது. உள்ளே ஒரு துண்டுக் கருவாடு, லயத்துக் காய்கறிப் பாத்தியில் பிடுங்கிய காரட், லீக்ஸ் தண்டு, உருளைக்கிழங்கு. வரிசையில் நிற்க வந்ததும் பொட்டலம் பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே போகும்.

"மதினி, இது சரியா வருமா?" என்று சோலைமலை முதல் நாள் தயங்கினானாம்.

"தொரசாணியம்மா சொன்னது. நீ வையி."

நிறுத்து முடித்துத் திரும்புகையில் அதே ஜன்னல் வழியாகப் பொட்டலம் சுடச்சுட வெளியே வரும். வரிசையில் நிற்கும் நேரமே வேகும் நேரம். சீமைச் சஞ்சிகை சொன்ன அரைமணி நேரம் எங்கள் நிறுவை வரிசைக்கு அளவெடுத்துச் சொன்னது போல் பொருந்திற்று. லயத்துக்குப் போனதும் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. இலையைப் பிரித்தால் போதும். அந்த முதல் நாள் இரவு பூரணி கண் விழித்திருந்து சாப்பிட்டாள். இதைப் பேச்சியம்மா அடுத்த நாள் மலையில் சொன்னாள். அந்த வாரம் முடிவதற்குள் மேல் லயத்துக் கூடைகள் எல்லாவற்றிலும் பொட்டலம் வந்தது. ஒரு அரசாங்கத் திட்டத்துக்குக்கூட இப்படி ஆதரவு கிடைத்ததில்லை.

எங்கள் டீமேக்கரின் நாக்கு பெயர் போனது. "கொழுந்து பறிச்சவ கையில வெங்காயம் பட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும். நம்ம தேயிலையில கலந்த எதுவும் என் நாக்குக்குத் தப்பாது," என்று பெருமையடிப்பார். தினமும் காலையில் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சி, கொப்பளித்துத் துப்புவார். ஒரு காலை முதல் கோப்பையிலேயே நின்றுவிட்டார். இரண்டாவதை உறிஞ்சினார். மூன்றாவதை முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். துரை குதிரை வேகத்தில் ஜீப்பில் வந்து ஒரு வாய் குடித்தார்.

"மீன்," என்றார்.

அந்தச் சொல் பேக்டரிக்குள் எதிரொலித்தது. லண்டனில் கனவான்கள் பாலோடு அருந்த வேண்டிய தேயிலையில் கருவாடு வாடை அடித்தது. உடனே விசாரணை ஆரம்பித்தது. முதலில் பேக்டரிப் பூனை கைது செய்யப்பட்டது. அடுத்து, ஊழியர் எல்லாரையும் கையை நீட்டி வரிசையில் நிறுத்தி, துரையே ஒவ்வொரு கையாக முகர்ந்து பார்த்தார். என் கையில் மையின் வாடையும் கண்டாக்கையாவின் கையில் இன்னதென்று சொல்லக்கூடாத வாடையும் இருந்தன. மீன் இல்லை. மாலையில் டிரையரின் கதவைத் திறந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தட்டுத் தட்டாகப் பச்சை வாழையிலைப் பொட்டலங்கள், முதல்தரத் தேயிலையைவிட ஒழுங்காக அடுக்கப்பட்டு, ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"யார் உத்தரவு?" என்று துரை உறுமினார்.

சோலைமலை கைகட்டி நின்றான். "தொரசாணியம்மா உத்தரவுங்க."

பேச்சியம்மா வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். "நாலா பக்கமும் சூடு சுத்திவர்ற இரும்புப் பொட்டி, தோட்டத்துக்குள்ளயே தேடிக்கச் சொன்னாங்க. தோட்டத்துல ரெண்டு பொட்டிதானுங்களே இருக்கு. பங்களாப் பொட்டிய நாங்க கேட்டா நல்லாவா இருக்கும்?"

இவர்களைத் தண்டித்தால் துரைசானி சொன்னது தப்பென்று ஆகும். இரவு அதே வீட்டுக்குப் போக வேண்டியவர் துரை. தோட்ட நிர்வாகத்தில் இத்தனை சிக்கலான சட்டப் பிரச்சினை அதுவரை எழுந்ததில்லை.

அவசரக் கூட்டம் அங்கேயே, பேக்டரி வாசலிலேயே நடந்தது. கூடைகளைச் சோதனை போடலாம் என்றார் கண்டாக்கையா. ஒவ்வொரு கூடையாகக் கொட்டிப் பார்ப்பதற்குள் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும் என்றார் டீமேக்கர். டிரையருக்குப் பூட்டுப் போடலாம் என்றேன் நான். பக்கத்தில் சுடச்சுட உலை இருக்கிறதே, நாளைக்கு அதற்கு மேலே வைப்பார்கள் என்றார் டீமேக்கர். துரை பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார்.

"சாயங்காலம் பொம்பிளை ஆள் பேக்டரிப் பக்கமே வரக் கூடாது," என்றார்.

"அப்ப நிறுவைங்க?" என்றார் கண்டாக்கையா.

"மலையிலே போடு."

"தராசுக்குப் பனி..."

"தகரக் கூரை போடு. நாளைக்கே."

கண்டாக்கையாவின் மூட்டு வலி அந்த நிமிஷமே குணமாயிற்று. மறுநாள் மாலை தராசு மலையில் தொங்கியது. தலைக்கு மேல் புதுத் தகரம் பளபளத்தது. 'தேயிலையின் நறுமணத்தைப் பாதுகாக்கும் பொருட்டு அந்தி நிறுவை இனி மலையிலேயே நடைபெறும்' என்ற அறிவித்தலை நான்தான் எழுதினேன். பெரட்டில் அதை வாசித்தபோது கூட்டத்தில் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். குளிர் காரணமாக இருக்கலாம்.

அடுத்த மாதம் பேச்சியம்மா வழக்கம்போல ஜன்னலுக்கு வந்தாள்.

"பூரணி எப்படி?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் இருக்கயிலயே சாப்புடுறா, ஐயா. ரொட்டிதான். ஆனா ஒண்ணு போதாம இன்னொண்ணு கேக்குறா."

நான் பேனாவைக் கீழே வைத்து, ஆபீஸ் தோரணையை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "பேச்சியம்மா, உண்மையைச் சொல்லு. கருவாட்டை அங்கே வச்சா தேயிலையில வாடை ஏறும்னு உனக்குத் தெரியாதா?"

"கருவாட்டச் சுட்டா வாடை வரும்னு தெரியாத பொம்பள எங்கயாச்சும் இருக்காளாங்க?" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் நிர்வாகத்தைக் குறை சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வாயை அடைக்கவே இதை எழுதுகிறேன். தேயிலையில் வாடை என்று காலையில் தெரிந்தது. மறுநாள் மாலையில் தராசு மலை ஏறிவிட்டது. இத்தனை வேகமாக நடவடிக்கை எடுத்த தோட்டம் வட்டவளையிலிருந்து மஸ்கெலியா வரை வேறு உண்டா? பூரணியின் பசிக்கு மட்டும் ஏன் அத்தனை வருஷம் என்று கேட்பது அநியாயம். அந்தப் பசியும் தினந்தோறும் தேயிலையோடு சேர்ந்துதான் பெட்டியில் ஏறி லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. தினமும் காலையில் டீமேக்கர் உறிஞ்சிப் பார்த்தார், துரையும் குடித்தார், நானும் ஆபீசில் இரண்டு வேளை குடித்தேன். எங்கள் யார் நாக்குக்கும் அது தட்டுப்படவில்லை.