ரெண்டாவது பிரேக்

டிரைவிங் வாத்தியார் ஒரு சபதம் எடுத்தாரு. பல் விளக்கிக்கிட்டே எடுத்ததால வாய் பூரா நுரை. வீட்ல யாருக்கும் ஒண்ணும் புரியல. வாயக் கொப்புளிச்சுட்டு வந்து மறுபடியும் எடுத்தாரு.

"இனிமே இந்த வீட்ல லைசன்ஸ் இல்லாம யாரும் நெட்டுக்குள்ள போகக் கூடாது!"

வீட்ல இருக்கறதே மூணு பேரு. அவரு, அவரு சம்சாரம், ஏழாங்கிளாஸ் படிக்கிற மக. சம்சாரம் மருந்துக்கடையில பில் போடுறவங்க. டாக்டருங்க கையெழுத்தையே படிச்சுப் பழகின கண்ணு. புருஷன் மூஞ்சியெல்லாம் அவங்களுக்குக் கொட்டை எழுத்துல அச்சடிச்ச மாதிரி. மகளுக்கு வீட்டுப் பேரு வாண்டு.

"யாருக்குங்க லைசன்ஸு?"

"வாண்டுக்குத்தான். நெட்டுங்கறது மெயின் ரோடு மாதிரி. லாரி வரும், பஸ்ஸு வரும், குடிச்சுட்டு வர்றவனும் வருவான். சின்னப் புள்ளயத் தனியா விடலாமா?"

"விடக் கூடாதுதான். அதான் டேப்லெட்ட ஹால்ல வச்சே படிக்கிறா. தெரியாதவங்க யாராவது பேசினா எங்கிட்ட சொல்லுன்னு சொல்லியிருக்கேன். சொல்றா."

"பத்தாது! பக்கத்து சீட்ல நான் இருக்கணும். என் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கணும்."

டிரைவிங் ஸ்கூல் வண்டியில வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கத்துக்கறவங்க தடுமாறினா இவரு மிதிப்பாரு. தடுமாறலன்னாலும் மிதிப்பாரு. இத்தனை வருஷப் பழக்கம், வீட்டு சோபாவுல உக்காந்திருந்தாலும் விடாது. டிவியில கார் வேகமா வந்தா கால் தானா தரைய அமுக்கும். சோபாவுக்கு முன்னால அந்த ஒரு டைல்ஸ் மட்டும் லேசா ஆடும்.

மத்தியானத்துக்குள்ள பிரேக் கெடச்சிருச்சு. ஒரு ஆப். வாத்தியார் போன்ல ஒரு சிவப்பு பட்டன். அமுக்கினா வாண்டோட டேப்லெட் போன எடத்துலயே நிக்கும்.

சாயங்காலம் வாண்டு ஆக்டோபஸ் பத்திப் படிச்சுக்கிட்டிருந்தா. சயின்ஸ் டீச்சர் குடுத்த வேலை. ஆளுக்கொரு உயிரினத்தப் பத்தித் தேடிப் படிச்சு, ஆன்லைன் கிளாஸ்ல எல்லாருக்கும் முன்னால பேசணும்.

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம்..."

டக். திரை நின்னுருச்சு.

"அப்பா! ஏம்ப்பா?"

"மூணு இதயமா? எவனோ கதை விடுறான், நம்பாத. ஒண்ண வச்சுக்கிட்டே உங்கம்மாகிட்ட நான் படுற பாடு போதாதா?"

"நெசம்ப்பா. ஒரே எடத்துல பாத்து எழுதக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. மியூசியம் போட்டதுல பாத்தேன், லைப்ரரி கலைக்களஞ்சியத்துலயும் பாத்தேன். யார் எழுதினது, எப்ப எழுதினதுன்னும் பாத்துட்டேன்."

பதில் வராத மனுஷன் கையில பட்டன் இருந்தா என்ன ஆகும்? மறுபடியும் அமுக்கினாரு.

"என்னங்க, புள்ள ஒழுங்காத்தானே ஓட்டுறா?"ன்னாங்க சம்சாரம்.

"நீ என்னய ஓட்டாத!"ன்னாரு வாத்தியார்.

செவ்வாய்க்கிழமை வந்துச்சு வினை. வாண்டு கிளாஸ்ல பேசுற நேரம், வாத்தியார் வண்டியில இருந்தாரு. ஸ்டியரிங் புடிச்சிருந்தது ஒரு பல் டாக்டரம்மா. அடுத்தவங்க கடவாப்பல்லப் புடுங்கும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கத் தொட்டா தந்தியடிக்கும். வாத்தியார் ஒரு கையில போன். கட்டை விரல் சிவப்பு பட்டன் மேல ரெடியா இருக்கு. குறுக்கால ஒரு நாய் ஓடுச்சு. வாத்தியார் கால் பிரேக்க மிதிச்சுது. கால் மிதிச்சா விரல் சும்மா இருக்குமா? அதுவும் மிதிச்சிருச்சு.

நாய் தப்பிச்சுது. வாண்டு மாட்டினா.

"ஆக்டோபஸுக்கு மொத்தம் மூணு..." அவ்வளவுதான். தெறந்த வாய் தெறந்தபடி, கண்ணு ரெண்டும் மேல சொருகினபடி, மொத்த கிளாஸுக்கும் படமா நின்னுட்டா. சாயங்காலத்துக்குள்ள கிளாஸ்ல அவ பேரே 'மூணு'ன்னு ஆயிருச்சு.

வாண்டு சாப்பிடல. தலகாணியில மொகத்தப் பொதச்சுக்கிட்டு அழுதா. "வெள்ளிக்கிழமை மறுபடியும் பேசச் சொல்லியிருக்காங்க டீச்சர். அன்னிக்கும் நின்னுச்சுன்னா, இனிமே கிளாஸ்ல வாயே தெறக்க மாட்டேன்!"

வாத்தியார் சோத்துத் தட்டக் கொண்டாந்து அவ பக்கத்துல வச்சாரு. ஆனாலும், "பாதுகாப்புன்னா கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும்"னு வெறப்பா சொன்னாரு.

சம்சாரம் கத்துவாங்கன்னு எதிர்பார்த்தாரு. கத்தல. பஞ்சு மாதிரி பேசினாங்க.

"நீங்க சொல்றதும் நியாயம்தாங்க. லைசன்ஸ் வச்சிருவோம். ஆனா பிரேக் போடுறவருக்கும் லைசன்ஸ் வேணுமில்ல? ரெண்டு பேருக்குமே டெஸ்ட். யார் பாஸோ, அவங்க கையில பிரேக்."

"டெஸ்ட்டு யாரு வப்பாங்க?"

"நெட்டே வைக்கும்."

"வைக்கட்டும், வைக்கட்டும்! ஊருக்கே லைசன்ஸ் வாங்கிக் குடுத்தவன் நான்."

சம்சாரம் குரல் எறங்கினா, மேடு ஏற கியர் மாத்துறாங்கன்னு அர்த்தம். இது வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

மறுநாள் சிக்னல்ல வண்டி நிக்கும்போது போன் 'டிங்'னுச்சு.

'வாழ்துக்கள்! இந்த ஆண்டின் சிரந்த ஓட்டுநர் ஆசிறியர் நீங்கள்தான்! பத்து நிமிடத்தில் பதில் தராவிட்டால் விருது வேறொருவருக்கு. இப்படிக்கு, அகில உலகப் பிரேக் பேரவை.'

வாத்தியாருக்கு ஜில்லுனு ஆயிருச்சு. எழுத்துப் பிழையும் கண்ணுல பட்டுச்சு. சந்தோஷத்துல கை தடுமாறியிருக்கும் பாவம்னு பேரவைக்காக அவரே மன்னிச்சு விட்டுட்டாரு.

கேள்வி ஒவ்வொண்ணா வந்துச்சு. பேரு? குடுத்தாரு. வீட்டு விலாசம்? குடுத்தாரு. வீட்ல யாரும் இல்லாத நேரம்? கேடயத்த வச்சுட்டுப் போவாங்க போலன்னு அதையும் குடுத்தாரு.

'உங்கள் வெற்றிக்குக் காரணம்?'

'என் மூளை.'

'அதில் மனைவியின் பங்கு?'

கொஞ்சம் யோசிச்சாரு. 'பெரிதாக ஒன்றுமில்லை.'

அந்தப் பக்கம் எதையோ டைப் பண்ணி, அழிச்சு, மறுபடியும் டைப் பண்ணுற மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் வந்துச்சு: 'உங்கள் போனில் விருதுச் சின்னம் பதிக்க வேண்டும். அதில் உள்ள ஆப்பின் பாஸ்வேர்டு?'

"சார், தெரியாதவங்களுக்குப் போயி பாஸ்வேர்டு குடுக்குறீங்க?"ன்னு எட்டிப் பாத்தாங்க டாக்டரம்மா.

"நீங்க ரோட்டப் பாருங்கம்மா."

"பாத்துட்டேன் சார். பச்சை விழுந்திருச்சு."

"இருங்க, எனக்கும் இப்பத்தான் விழுந்திருக்கு!"

கடைசிக் கேள்வி: 'இதையெல்லாம் தரும்முன் வீட்டில் யாரையாவது கேட்டீர்களா?'

'எங்கள் வீட்டில் முடிவெடுப்பது நான்.'

சாயங்காலம் வாத்தியாருக்கு முன்னால அவரு நெஞ்சு வீட்டுக்குள்ள வந்துச்சு. "ஏய், எனக்கு விருது!"

"தெரியுமே. சிரந்த ஆசிறியர்"னாங்க சம்சாரம். கையில மருந்துக்கடை போன், பேரவை மெசேஜெல்லாம் அதுலதான் இருந்துச்சு.

"உனக்கெப்படி..."

"அப்பா!" வாண்டு தலையில கை வச்சுக்கிட்டா. "வேணும்னே தப்புத் தப்பா எழுதினேன்ப்பா. பத்து நிமிஷம்னு அவசரப்படுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டேன். இதெல்லாம் வந்தா மோசடின்னு எங்க கிளாஸ்ல முதல் நாளே சொல்லித் தந்துட்டாங்க. ஒண்ணுகூடவா தெரியல?"

"உங்களுக்கு முன்னாலயே அவளுக்கும் ஒண்ணு அனுப்பினேன், புது டேப்லெட் பரிசுன்னு. பதிலே போடல. நேரா எங்கிட்ட கொண்டாந்து காமிச்சுட்டா"ன்னாங்க சம்சாரம். "சரி, அது போகட்டும். அந்த 'மனைவியின் பங்கு'ன்னு ஒரு கேள்வி வந்துச்சே..."

வாத்தியார் கால் தரையில பிரேக்கத் தேடுச்சு.

வெள்ளிக்கிழமை வாண்டு பேசினா. மூணு இதயம், நீல ரத்தம், எல்லாத்தையும் நிக்காம சொல்லி முடிச்சா. 'மூணு! மூணு!'ன்னு கிளாஸே கைதட்டுச்சு. பேரு மாறல. ஆனா இப்ப கூப்பிட்டா திரும்பிப் பாக்குறா.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வாத்தியார் சோபாவுல சாஞ்சாரு. கையில போன். அவருக்குப் புடிச்சது, சின்னச் சந்துக்குள்ள பெரிய லாரிய ரிவர்ஸ் எடுக்குற வீடியோ. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு, தூக்கம் வர்ற வரைக்கும். லாரி பாதி திரும்பியிருக்கும்.

டக்.

'நேரம் முடிந்தது. பெரியவர்களிடம் அனுமதி கேட்கவும்.'

சம்சாரத்தப் பாத்தாரு.

"என்னய ஏன் பாக்குறீங்க? என் பங்குதான் பெருசா ஒண்ணுமில்லையே. நீங்க குடுத்த பாஸ்வேர்டுலதான் பிரேக் கை மாறுச்சு. பாஸானவளக் கேளுங்க."

வாத்தியார் தொண்டையக் கனைச்சாரு. "வாண்டு... இந்த ஒரு லாரி மட்டும்மா. பாதியில நிக்குது."

வாண்டு எழுந்து வந்தா. அவருக்குப் பக்கத்துல, அந்த ஆடுற டைல்ஸ் மேல கால வச்சு உக்காந்தா.

"பக்கத்து சீட்ல நான் இருக்கேன்ப்பா. பயப்படாம ஸ்டார்ட் பண்ணுங்க."