கொட்டகை காத்த பன்னிரண்டு வீடுகள்

உலகம் தோன்றிய நாள்முதல் மனிதன் எத்தனையோ பொருள்களைக் காத்து வந்திருக்கிறான். கோட்டையைக் காத்தான், கொடியைக் காத்தான், ரகசியத்தைக்கூட அவ்வப்போது காத்தான். ஆனால் ஒரு தகரக் கொட்டகையை இத்தனை அறிவோடும் இத்தனை கூட்டங்களோடும் காத்த பெருமை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றுக்கே உரியது.

‘எங்கள்’ என்று நான் எழுதுவது பழக்கதோஷம். பன்னிரண்டு வீடுகளும் மதிலுக்கு உள்ளே இருக்கின்றன. நாங்கள் மதிலுக்கு வெளியே இருக்கிறோம். அப்பா உள்ளே தோட்டக்காரர். நான் எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள், பாடம் புள்ளியியல். அந்தப் பட்டத்துக்கு உரிய மரியாதையாகச் சங்கம் எனக்குக் கூட்டக் குறிப்பு எழுதும் பதவியை வழங்கியது. சம்பளம் கிடையாது. “வேலை கிடைக்கிற வரைக்கும் ஒரு அனுபவமா இருக்கட்டும்மா” என்றார் தலைவர். அனுபவம் தாராளமாகவே கிடைத்தது.

மேற்படி கொட்டகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அகலத்தில் ஒரு கட்டில் போடலாம். நான்கு பக்கமும் தகரம், ஒரு சன்னல், பூனை முதுகைத் தேய்த்தாலே ஆடும் ஒரு கதவு. கொட்டகை சங்கத்துக்குச் சொந்தம். உள்ளே இருந்த மண்வெட்டிகள், களைக்கொத்தி, கவாத்துக் கத்தரி, பூவாளிகள், நீளமான ரப்பர் குழாய், கடப்பாரை எல்லாம் அப்பாவுக்குச் சொந்தம். வேலைக்குச் சேர்ந்த அன்றே “கருவியெல்லாம் நீயே கொண்டுவந்துடுப்பா, அப்பத்தான் உனக்கு அதுமேல அக்கறை இருக்கும்” என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய அக்கறையில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை.

அந்த அக்கறை மற்றவர்களையும் தொற்றியிருந்தது. “தோட்டக்காரரே, ரெண்டு நிமிஷம் எடுத்துக்கறேன்” என்று யாராவது ஒருவர் எதையாவது எடுத்துப் போவார். நிமிஷம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஏழாம் வீட்டில் அது ஒரு மழைக்காலம். அப்பா போய்க் கேட்டு வாங்கி வருவார். இதற்குக் குடியிருப்பில் ‘அன்னியோன்யம்’ என்று பெயர்.

ஒரு காலையில் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாள் பிடுங்கப்பட்டுத் தொங்கியது. உள்ளே ரப்பர் குழாயைக் காணவில்லை.

அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி. ‘இழப்பீடு வழங்க இயலாது’ என்று வாழ்நாள் முழுக்க எழுதிப் பழகிய கை. செயலாளர் தும்மினால்கூட அதை முன்மொழிந்து வழிமொழிந்துவிட்டுத்தான் தும்முவார். அவருக்கு நான் வைத்த பெயர் ‘தீர்மானம்’. ஏழாம் வீட்டுப் பல் டாக்டர் அம்மா பாதுகாப்பு பற்றி இணையத்தில் இரண்டு வீடியோ பார்த்திருந்ததால் நிபுணர். மற்றவர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். நாற்காலி போதாததால் அப்பா கதவோரம் நின்றார்.

“நாம யாரையும் சந்தேகப்படல” என்று தலைவர் அப்பாவைப் பார்த்தபடி சொன்னார். “சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட ஒண்ணுங்க. ஐயாகிட்ட ஒண்ணு.”

“தலைவர் எடுத்திருக்க மாட்டார்” என்றார் தீர்மானம். “அப்போ ஒருத்தர்தான் மிச்சம்.”

கழித்தலில் அவர் புலி. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“சார், சாவி வச்சிருக்கறவர் எதுக்குத் தாழ்ப்பாளைப் பிடுங்கணும்? அதோட, காணாமப் போன குழாயே அப்பாவோடது. அவர் பொருளை அவரே எதுக்குத் திருடணும்?”

எல்லோரும் யோசித்தார்கள்.

“அதாம்மா எனக்கும் புரியல” என்றார் தலைவர் வருத்தத்தோடு. “நோக்கம் என்னன்னு கண்டுபிடிக்கணும்.”

“குறிப்பு எழுதறவங்க கூட்டத்துல பேசக் கூடாதுன்னு நான் முன்மொழியறேன்” என்றார் தீர்மானம்.

ஏகமனதாக நிறைவேறியது. என் கையாலேயே எழுதினேன், எழுத்துப் பிழையில்லாமல். அடுத்ததாக அப்பாவின் சாவி ‘அவருடைய பாதுகாப்பைக் கருதி’ வாங்கப்பட்டது. இனி தினமும் காலையில் தீர்மானத்தின் வீட்டில் சாவி வாங்கி, மாலையில் ஒப்படைக்க வேண்டும். புதுக் குழாய் வாங்கித் தருவீர்களா என்று அப்பா கேட்டார். தலைவரின் பழகிய கை ‘இயலாது’ என்று லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கால் கழுவிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எப்படிப்பா சிரிக்க வருது?”

“நாத்துப் பண்ணையில ஆள் எடுக்கறாங்க, பாப்பா. முதல் தேதி வந்துடுன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. இங்க வாங்கறதைவிட சம்பளம் ஜாஸ்தி. சொந்தக் கருவி மட்டும் இருக்கணுமாம்.”

“அப்போ நாளைக்கே எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துடுங்க.”

“மாசம் முடியட்டும். பாதியில போட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

எங்கள் குடும்பத்தின் பரம்பரை நோய் இது. டாக்டரிடம் காட்டியும் பயனில்லை.

இதற்கிடையில் பாதுகாப்புத் திட்டம் அசுர வேகத்தில் வளர்ந்தது. டாக்டர் அம்மா வீடியோவில் கண்டபடி கொட்டகையைச் சுற்றி ஜல்லி கொட்டப்பட்டது. திருடன் நடந்தால் சத்தம் கேட்குமாம். கொட்டியவர் அப்பா. சன்னலுக்குக் கீழே முள்செடி நடப்பட்டது. திருடன் கை வைத்தால் கிழியுமாம். நட்டவர் அப்பா, கிழிந்தது அப்பாவின் கை. ஆக, செடி வேலை செய்கிறது என்பது அன்றே நிரூபணமானது. ஆள் அசைந்தால் எரியும் விளக்குக்குக் கம்பம் வேண்டும். குழி தோண்டியவரும் அவரே. தன்னைப் பிடிப்பதற்கான பொறியைத் தானே இவ்வளவு ஒழுங்காகச் செய்து கொடுக்கும் ‘சந்தேக நபர்’ வேறெங்கும் கிடைக்க மாட்டார்.

உச்சகட்டமாக வந்தது பேசும் அலாரம். யாராவது நெருங்கினால், பதிவு செய்த குரல் எச்சரிக்கும். குரல் டாக்டர் அம்மாவுடையது. இருபது வருடத் தொழில் பழக்கத்தை ஒரே நாளில் விட முடியுமா? ஒலிபெருக்கி இப்படிப் பேசியது:

“யாரது? அசையாதீங்க. கொஞ்சம் வலிக்கும். பயப்படாதீங்க.”

முதல் வாரத்தில் இந்த எச்சரிக்கைக்கு ஆளானவை ஒரு பூனை, ஒரு பழைய செய்தித்தாள், தீர்மானம். மூன்றும் ஓடின.

கடைசி நடவடிக்கைதான் மகத்தானது. அதன் பெயர் ‘அடையாளமிடுதல்’. திருடு போன பொருளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பொருளின்மேல் வீட்டு எண்ணை அழியாத பெயிண்டில் எழுத வேண்டும் என்று வீடியோ சொல்லியிருந்தது. வீடியோவில் வந்தவருக்கு ஒரே வீடு. இங்கே பன்னிரண்டு.

“ஒவ்வொரு வீடும் ஒரு கருவியைத் தத்தெடுத்துக்கலாம்” என்றார் டாக்டர் அம்மா. “அப்பத்தான் எல்லாருக்கும் பொறுப்பு வரும்.”

கைதட்டல். அப்பா கதவோரத்திலிருந்து தொண்டையைச் செருமினார்.

“ஐயா, அதெல்லாம் என்னோடதுங்களே.”

“உன்னோடதுதான்பா! யாரு இல்லன்னா?” தலைவர் எழுந்து வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். “உன்னோடதைக் காப்பாத்தத்தானே எங்க நம்பரைக் குடுக்கறோம். உனக்கு இங்க வீட்டு நம்பர் இருக்கா சொல்லு?”

“இல்லீங்க.”

“அதான்.”

பேசக் கூடாது என்ற தீர்மானத்தை மீறி நான் பேசினேன். “நம்பர் எதுக்கு சார்? தோட்டக்காரர்னே எழுதலாமே.”

“அதைப் பார்த்து எந்தத் திருடன்மா பயப்படுவான்?” என்றார் தீர்மானம். நியாயமான கேள்வி.

தத்தெடுப்பு விழா கோலாகலமாக நடந்தது. அப்பா ஒவ்வொரு கருவியாகக் கழுவி, துடைத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டார். தீர்மானம் எண் எழுதினார். நல்ல மண்வெட்டிக்கு ஏழு. கவாத்துக் கத்தரிக்கு மூன்று. மூன்றாம் வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. பூவாளிக்காக இரண்டு வீடுகளுக்குள் சண்டை வந்து, சின்னப் பூவாளியும் கொடுத்துச் சமாதானம் செய்யப்பட்டது. தலைவர் மட்டும், “நான் அப்புறமா வீட்டுலயே போட்டுக்கறேன்” என்று ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பெயிண்ட் வாங்கிப் போனார். அவருடைய தன்னடக்கம் எல்லோரையும் உருக்கியது.

கடப்பாரையை மட்டும் யாரும் தத்தெடுக்க முன்வரவில்லை. “ரொம்ப கனம்” என்றார் ஒருவர். “துரு வேற” என்றார் டாக்டர் அம்மா, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்து. அது அனாதையாக மூலையில் சாய்ந்து நின்றது.

மாதம் முடிந்தது. அப்பா தலைவரிடம் சொல்லிக்கொண்டார். “போயிட்டு வா, நல்லா இரு” என்று வாழ்த்து கிடைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலை நாளில் சாவி கொடுக்கும்போதே தீர்மானம் அலாரத்தை அணைத்துவிடுவார். ஞாயிறு அவர் எழுந்திருக்க நேரமாகும். அவர் மனைவி சாவியை மட்டும் சன்னல் வழியாக நீட்டினார். நாங்கள் ஒரு தள்ளுவண்டியோடு போனோம்.

ஜல்லி நறநறத்தது. பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. அப்பா ஏழாம் எண் மண்வெட்டியைத் தோளில் வைத்து வெளியே வந்ததும் ஒலிபெருக்கி அலறியது. “யாரது? அசையாதீங்க. கொஞ்சம் வலிக்கும்.”

பன்னிரண்டு கதவுகளும் திறந்தன. அந்த முகங்களில் நான் கண்ட மகிழ்ச்சியை எந்தப் புள்ளிவிவரத்தாலும் அளக்க முடியாது. இத்தனை ஏற்பாடும் செய்துவிட்டு ஒரு திருடன்கூட வராமல் போயிருந்தால் எவ்வளவு அவமானம்!

“கையும் களவுமா!” என்றார் லுங்கியோடு ஓடிவந்த தீர்மானம்.

“சொல்லிட்டுத்தாங்க போறேன். என் சாமான்தானே ஐயா” என்றார் அப்பா.

“உன்னோடதா? அதுல என்ன நம்பர் போட்டிருக்கு?”

“ஏழுங்க.”

“ஏழு யாரு வீடு?”

அப்பா டாக்டர் அம்மாவைப் பார்த்தார். டாக்டர் அம்மா மண்வெட்டியைத் தாயன்போடு வாங்கிக்கொண்டார். மற்றவர்களும் வண்டியிலிருந்து அவரவர் ‘பிள்ளைகளை’ அடையாளம் கண்டு எடுத்தார்கள்.

“அன்னைக்கு உன்னோடதுதான்னு தலைவரே சொன்னாரு! நான் எழுதியிருக்கேன்!” என்று கத்தினேன்.

“சொன்னேன்தான்” என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. தலைவர் கார் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருந்தார். அரைக்கால் சட்டை, நனைந்த பனியன், கையில் தண்ணீர் சொட்டும் ரப்பர் குழாய். அதன் வாயருகே பளிச்சென்று ‘1’.

எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். ஓரிடத்தில் சைக்கிள் டியூப் சுற்றி அவர் ஒட்டுப் போட்டிருந்தார். ஒட்டு அப்படியே இருந்தது.

“சார், இது அந்தக் குழாய்” என்றேன்.

“ஆமாம்மா.” தலைவர் கண்கூடச் சிமிட்டவில்லை. “அன்னைக்கு காரெல்லாம் ஒரே சேறு. சாவியைத் தேடினேன், கிடைக்கல. லேசா இழுத்தேன், தாழ்ப்பாள் பிடுங்கிக்கிச்சு. நான் இழுத்ததாலதானே கொட்டகை எவ்வளவு பலவீனமா இருக்குன்னு நமக்கெல்லாம் தெரிஞ்சுது?”

பிறகு தீர்மானம் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்மொழிந்தார்: சொந்த உழைப்பில் பாதுகாப்புச் சோதனை நடத்திய தலைவருக்கு நன்றி. டாக்டர் அம்மா வழிமொழிந்தார். ஜல்லியில் நின்றபடியே கைதட்டினார்கள்.

அதே கருணையோடு, அப்பாமீது போலீஸில் புகார் கொடுப்பதில்லை என்றும் முடிவாயிற்று. “இவ்வளவு நாள் உழைச்சிருக்கான், விட்டுடுவோம்” என்றார் தலைவர். அப்பா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஐயா, அந்தக் கடப்பாரையில நம்பர் இல்லீங்க. அதை எடுத்துக்கட்டுங்களா?”

விதிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். எண் இல்லாத பொருளுக்கு உரிமை கோர யாரும் இல்லை. அனுமதி வழங்கப்பட்டது, ஏகமனதாக.

நாற்றுப் பண்ணை மேஸ்திரி அப்பாவையும் கடப்பாரையையும் மாறி மாறிப் பார்த்தார். “இதை வச்சுக்கிட்டு நாத்து நடுவீங்களா, இல்ல கிணறு வெட்டுவீங்களா?” என்று கேட்டார். நல்ல மனிதர். “ஒரு வாரம் இடம் வச்சிருக்கேன். மத்த சாமானையும் எடுத்துக்கிட்டு வாங்க.”

“எப்படி பாப்பா எடுக்கறது?” என்று அப்பா வீட்டில் கேட்டார். முதல் முறையாக அவர் சிரிக்கவில்லை.

நான் கூட்டக் குறிப்பு எழுதும் பதவியை ராஜினாமா செய்துவிட்டு இதை எழுதுகிறேன். சங்கத்தின் சாதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து வரும் திருடனைத் தடுக்க அங்கே ஜல்லி இருக்கிறது, முள் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் குரல்கூட இருக்கிறது. உள்ளே இருக்கும் பன்னிரண்டு வீட்டுத் திருடர்களுக்கு எதிராக எங்களிடம் இருப்பது ஒரு கடப்பாரை.