முகத்தில் எக்ஸோசோம், கையில் தீச்சட்டி

எனக்கு வராத நோய் குணமானதற்காக நான் வருடா வருடம் மாசி மாதம் தீச்சட்டி எடுக்கிறேன். பார்க்கிறவர்கள் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. சட்டி சுடுகிற சூட்டில் யாரிடம் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது?

எல்லாம் என் முகத்தால் வந்தது. படிக்கிற வயதில் வந்த பருக்கள் போகும்போது சும்மா போகவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டையை விட்டுப் போவார்களே, அப்படிக் கன்னம் முழுக்கக் குழிகளை விட்டுப் போயின. மற்றவர்களுக்கென்றால் காலையில் தலை சீவும்போது ஒரு தடவை பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. நான் வேலை பார்ப்பதோ மூக்குக்கண்ணாடிக் கடையில். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி, எல்லாக் கண்ணாடியிலும் நான். வந்தவர் ஃபிரேம் மாட்டி அழகு பார்த்தால் அவர் தோளுக்குப் பின்னால் என் கன்னம் எட்டிப் பார்க்கும்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. தொப்பம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் கோமதி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்டோவில் தென்னந்தோப்பு நடுவே நின்று, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது நான்தான் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டேன். அன்றிலிருந்து கடையில் தென்னங்காற்று வீச ஆரம்பித்தது. ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டேன். (அதில் ஒருவர், "இதுலதான்ப்பா நல்லாத் தெரியுது" என்று வாங்கிக்கொண்டே போய்விட்டார்.)

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நாகல் நகரில் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. "இருந்து குடும்பம் நடத்தப் போறது அவதானுங்க, அவளையும் கூட்டியாறேன்" என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள், சம்மதம் இல்லையென்றால் கை நனைக்க மாட்டார்கள். அதாவது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். குடித்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரிதான். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம், "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று வறண்ட தொண்டையோடு போனவர்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தத் தடவை கண்டிப்பாக அமையும் என்ற நம்பிக்கையில் அப்பா அய்யலூர்ச் சந்தைக்குப் போய் ஒரு வெள்ளாட்டைப் பிடித்து வந்து கட்டியிருந்தார்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. என் நம்பிக்கையெல்லாம் செல்போனில் பார்த்த எக்ஸோசோம் சிகிச்சை மேல் இருந்தது. காயத்தை ஆற்றும், தோலைப் புதுப்பிக்கும் என்றார்கள். சனிக்கிழமை மத்தியானம், மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தோல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். நிதானமாகச் சொன்னார். "உடம்புல செல்லெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கிரும். அந்தச் சேதி போற பொடிப்பொடிப் பொட்டணம்தான் எக்ஸோசோம். இங்க அடிபட்டிருக்கு, வந்து சரி பண்ணுன்னு சொல்லும். சின்ன ஊசியால தோல்ல துளை போட்டு, மேல இதத் தடவுவோம். புது வைத்தியம், இன்னும் ஆராய்ச்சி நடக்குது. குழி அடியோட மறைஞ்சிரும்னு நான் சொல்ல மாட்டேன்."

என் காதில் "சரி பண்ணு" என்பது மட்டும் விழுந்தது.

"ரெண்டு மூணு நாள் மூஞ்சி செவந்திருக்கும். வெயில் படக் கூடாது, கண்டதையும் தடவக் கூடாது. பக்கத்துல எதுவும் விசேஷம் இருக்கா?"

"அடுத்த மாசம்தான் டாக்டர்" என்றேன். விசேஷம் மறுநாள் காலையில்.

மரத்துப்போகிற களிம்பைப் பூசிப் படுக்க வைத்தார்கள். ஜன்னலில் சிறுமலை மங்கலாகத் தெரிந்தது. முகம் மெல்ல மெல்ல என்னை விட்டுக் கழன்று எங்கோ போனது. கண் செருகியது. பூ மார்க்கெட்டில் மல்லிகைப் பொட்டணங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ் என் கன்னத்து மேட்டில் மெதுவாக ஏறியது. ஒவ்வொரு குழி வந்ததும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பொட்டணம் இறங்கி, "இந்த வீடுதானே?" என்று கேட்டு உள்ளே போனது. கடைசி நிறுத்தத்தில் கோமதி இறங்கினாள். ஊசி போட்டதும் மருந்து தடவியதும் எனக்கு இந்தப் பயணத்தில் வந்த சின்னச் சின்னக் குலுக்கல்களாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

எழுந்து கண்ணாடி பார்த்தேன். அப்படியே ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்பியிருந்தால் தக்காளியில் முதல் தரம் என்று எடுத்திருப்பார்கள். விடிந்தால் வடிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மாஸ்க்கை மாட்டி, தலைவலி என்று வீட்டில் முடங்கினேன்.

விடிகாலைக் கனவில் தென்னந்தோப்பு வந்தது. ஓலைகள் அசைந்து அசைந்து தாலாட்டின. கோமதி பக்கத்தில் உட்கார்ந்து குளிர்ந்த கையால் என் கன்னத்தைத் தடவினாள். ஏதோ முணுமுணுத்தாள். அந்தக் கை அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது. கை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தது. வேப்பிலை வாசம் அடித்தது. கண்ணைத் திறந்தேன். எதிரே அம்மா, கையில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த கிண்ணம்.

"அசையாமப் படு அப்பு. ஆத்தா வந்திருக்கா."

அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். முகமெல்லாம் மிளகாய் பூசியது போல எரிந்தது. அதற்குள் வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. வீட்டில் கறி கிடையாது, தாளிப்பு கிடையாது. அப்பா ஆட்டின் முன்னால் துக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இது அம்மை இல்லம்மா" என்று எழுந்தேன்.

"அப்படிச் சொன்னா கோவிச்சுக்கிருவா. என்ன வேணும் தாயே? குளுமையா மோர் கொண்டாரவா?"

அம்மை கண்டவரை அம்மனாகவே பாவிப்பது வழக்கம். முப்பத்திரண்டு வருடத்தில் அம்மா என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை. அந்தச் சுகத்தில் செத்த நேரம் அப்படியே மிதந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதிலேயே போய்விட்டது.

வரவேண்டாம் என்று சொல்ல அப்பா போன் போட்டார். அவர்கள் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியிருந்தார்கள். "ஆத்தா இருக்கற ஊட்டுக்குப் பொறப்பட்டுப் பாதியில திரும்பக் கூடாதுங்க. கும்பிட்டுட்டு அப்படியே போயர்றமுங்க" என்றார் பெண்ணின் அப்பா. அந்த 'அப்படியே' என்ற சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இவர்களும் கை நனைக்கப் போவதில்லை.

அம்மா ஈரத் துணியால் என் முகத்தை ஒற்றி எடுத்து, வெள்ளை வேட்டி விரித்து என்னை உட்கார வைத்தாள். அவர்கள் வந்தபோது அவிழ்த்துக்கொண்ட ஆடு வாசல் வேப்பிலையைத் தின்றுகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் கைகூப்பி நின்றார்.

"தாயே, இந்தப் பையன் என்ற பொண்ணுக்குச் சரிப்படுவானான்னு நீயே சொல்லிப்போடு."

மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே விசாரித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். நான் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். (வேறு என்ன சொல்வேன்?)

அந்த நேரம் பார்த்து அம்மா கேப்பைக் கூழோடு வந்தாள். அவர் கை தயங்கியது.

"ஆத்தாளுக்குப் படைச்சது. வேண்டாம்னு சொல்லாதீக" என்றாள் அம்மா.

அவர் வாங்கிக் குடித்தார். அப்பா முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. ஆட்டைக் கட்டுகிற சாக்கில் எல்லோரும் வாசலுக்கு நகர, கூழ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கோமதி மட்டும் நின்றாள். என் முகத்தை, பரீட்சைத் தாள் திருத்துவது போல மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, அம்மை கழுத்தோட நின்னுருச்சுங்களா?"

நான் கையால் கழுத்தை மூடிக்கொண்டேன்.

"கண்ணச் சுத்தியும் வட்டமா உட்டிருக்குதுங்க. காம்பஸ் வெச்சுப் போட்டாப்ல."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டணத்தை, ஊசியை, மதுரைக்குப் போவதாகச் சொன்ன பொய்யை. "உங்க போட்டோவப் பாத்ததுலருந்து எனக்குப் புத்தி நெலையா இல்லைங்க" என்பதையும் சொன்னேன். மனசு வெறுமையாகிவிட்டது. இனி எழுந்து போய்விடுவாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூழ் நல்லாருக்குதுங்க" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். டம்ளர் காலியாக இருந்தது.

டாக்டரம்மாவிடம் பிறகு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. தோல் உரிந்து ஆறியதில் குழிகள் கொஞ்சம் மேலேறியிருப்பதாக எனக்குத் தோன்றும், கோமதிக்குத் தோன்றாது.

கல்யாணமாகி வந்த முதல் மாசியில், "ஒனக்காக வருசா வருசம் தீச்சட்டி எடுக்கிறதா ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டேன்" என்று அம்மா சட்டியை நீட்டினாள். எனக்குத் தாங்கவில்லை, உண்மையை உடைத்தேன். அம்மா அசையவில்லை.

"ஈரத் துணியால ஒத்தும்போதே தெரியும்டா. கழுத்தோட நிக்கிற அம்மைய எவ பாத்திருக்கா?"

"தெரிஞ்சேதான் கூழ் குடுத்தியா?"

"படைச்சிட்டுத்தானே குடுத்தேன். அம்புட்டுப் பேரு தண்ணி குடிக்காமப் போனதப் பாத்தவ நான். வேற எப்படிக் கை நனைக்க வைக்க?"

"அப்ப வராத நோய்க்கு எதுக்கு நேத்திக்கடன்?"

"நோய்க்கு யாருடா நேந்தது? ஒன் மூஞ்சியத் தடவிக்கிட்டே, இந்தப் புள்ளையாவது அமையணும்னுதான் நேந்தேன்."

கனவில் கேட்ட முணுமுணுப்பு அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டியை வாங்கிக்கொண்டேன். இந்தக் கட்டுரையின் முதல் வரி அதனால் தப்புத்தான். ஆனால் வெளியில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த மாசியிலும் எடுத்தேன். புகையில் தெருவே மிதக்கிற மாதிரி இருந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கொட்டுச் சத்தமும் எங்கோ தூரத்தில் கேட்டன. சூட்டில் என் முகம் சிவக்கச் சிவக்க, பின்னால் நடந்து வந்த கோமதி மெல்லக் குனிந்து கேட்டாள்.

"ஏனுங்க, கழுத்தோட நிக்குதுங்களா, இன்னைக்காச்சும் கீழ எறங்குதுங்களா?"