நாலு மணிக்கு ஒரு வீடு, ஐந்து மணிக்கு ஒரு வீடு

நேரத்தை வீணாக்குகிறவன் ஒரு நாளைக்கு ஒரு அசட்டுத்தனம்தான் செய்வான். நேரத்தை மிச்சம் பிடிக்கிறவன் இரண்டு செய்துவிடுவான். (ஆதாரம்: நான்.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஆபீசுக்கு வந்த பயிற்சியாளர் ஒருவர், கனவுகளையெல்லாம் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்ட எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் டைரி வாங்கப் போனேன்.

பன்னிரண்டு கனவுகள் தேறின. முதலாவது, பொன்முடிக்குச் சைக்கிளில் ஏறுவது. (அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும்.) பன்னிரண்டாவது, கல்யாணம்.

அந்த வாரமே இரண்டு ஜாதகங்கள் பொருந்தின. முதலில் நீ போய்ப் பார், பிடித்தால் நாங்கள் வருகிறோம் என்றாள் அம்மா. இரண்டு பெண்களும் கரமனையில், ஒரே அக்கிரகாரத்தில், அடுத்தடுத்த கதவு எண்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே பஸ் டிக்கெட்டில் இரண்டு பெண் பார்த்தல்! டைரியில் குறித்தேன்: ஞாயிறு 4 முதல் 4.45 வரை ஒரு பெண். 5 முதல் 5.45 வரை இன்னொரு பெண். 6 மணிக்கு இஸ்திரி.

அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான் என்பது எனக்குத் தெரியாது.

முதல் வீட்டில் ஜானகி. பார்த்ததுமே பிடித்துவிட்டது. என்ன செய்வது, 4.45 ஆகிவிட்டதே. எழுந்தேன். உடனே அவள் அப்பா நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினார். பக்கத்து வீட்டுக்கு யாரோ பெண் பார்க்க வருகிறார்களாம், நாற்காலி போதவில்லையாம். பெரியவர் சுமக்கிறாரே என்று நான் வாங்கிக்கொண்டேன். அவர் வழிகாட்ட, பக்கத்து வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு அதிலேயே உட்கார்ந்தேன்.

"அம்பி, அது மாப்பிள்ளைக்குப் போட்டதாக்கும்" என்றார் அந்த வீட்டுக்காரர்.

"நான்தான் மாமா அது."

அந்த வீட்டுக்காரர் என் மடியிலிருந்த டைரியை எடுத்தார். 'பன்னிரண்டாவது கனவு, கல்யாணம்' என்று தொடங்கி இரண்டு பெண்களையும் உரக்கப் படித்தார். இஸ்திரியையும் விடவில்லை.

ஜானகியின் அப்பா குரலே உயர்த்தவில்லை. "அந்த நாற்காலியைத் திருப்பி எங்காத்துல வெச்சுட்டுப் போயிடு, கேட்டயா."

நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன். (முகத்தை மறைக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை.) இனி நாகர்கோவில் வரைக்கும் எனக்கு யாரும் பெண் தரமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தது.

வாசலில் ஜானகி நின்றுகொண்டிருந்தாள். சுவர் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று குனிந்தேன்.

"கல்யாணம் பன்னண்டாவது. செரி. பாக்கி பதினொண்ணு என்னவாக்கும்?"

பொன்முடியில் ஆரம்பித்தேன்.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமோ?"

"அது ரெண்டாவது கனவு."

அவள் சிரித்த சிரிப்பு சுவரைத் தாண்டியிருக்க வேண்டும். அவள் அப்பா பதறி ஓடி வந்தார். இவரோட அம்மா அப்பாவை வரச் சொல்லுங்கோ என்று அவள் சொன்னபோது, அவர் என்னைப் பார்த்த பார்வையில் இன்றுவரை பெரிய மாற்றம் இல்லை.

பத்து வருடம் ஆகிவிட்டது. நான் வீடு திரும்பத் தாமதமானால் மாமனார் மற்றவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: "பக்கத்தாத்துல பார்த்தேளோ?" இப்போது என் ஆறு வயது மகளும் படியில் நின்று அதையே கத்துகிறாள். எங்கள் பிளாட்டில் எதிர்வீட்டு மலையாளிதான் பாவம். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து, நான் உள்ளே இருக்கிறேனா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கையை விரிக்கிறார்.